தோற்பொருட்கள் உட்பட

"விசர்நோய் உறுதிசெய்யப்பட்ட தோட்டமொன்றில், காரணமின்றி மூர்க்கம் காட்டும் எந்த விலங்கும் நோயுற்றதாகவே கருதப்படும். பார்வையிடும் உத்தியோகத்தர் அதை அன்றே கொல்வித்துத் தலையைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். கொல்லாமல் வைத்து அவதானிக்க விரும்பினால், தலைமைக் கந்தோரின் எழுத்துமூல அனுமதியை முன்கூட்டியே பெற்றிருக்க வேண்டும்."

மிருக வைத்தியராக வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எங்களுக்கு மனப்பாடமான விதி இது. இப்போது வேலைக்கு வந்திருக்கும் உங்கள் காலத்துக் கைநூலில் சொற்கள் மாறியிருக்கலாம். நான் இதைக் கேலி செய்வதற்காக எடுத்துச் சொல்லவில்லை. இது நல்ல விதி. எழுதியவர்கள் விசர்நாய் கடித்த மனிதனின் சாவைப் பார்த்திருப்பார்கள். நானும் பதுளை ஆஸ்பத்திரியில் ஒருமுறை பார்த்தேன். தாகத்தில் தவித்த ஒருவன், தண்ணீர்க் குவளையைக் கண்டு கட்டிலின் மூலைக்கு ஒதுங்கினான். அதைப் பார்த்த பிறகு இந்த விதியில் ஒரு சொல்லைக்கூட வெட்ட எனக்கு மனம் வந்ததில்லை.

ஆனால் "காரணமின்றி" என்ற சொல் மட்டும் என்னை நீண்டகாலம் தொந்தரவு செய்திருக்கிறது. ஒரு விலங்கின் மூர்க்கத்துக்குக் காரணம் இருக்கிறதா இல்லையா என்று யார் தீர்மானிப்பது? பஸ்ஸை விட்டு இறங்கி, சப்பாத்தில் ஏறிய அட்டையைத் தட்டிவிட்டு நிமிர்கிற நேரத்துக்குள் நாங்கள்தான் தீர்மானிக்கிறோம்.

ஐம்பத்தோராம் ஆண்டில் தெமோதரைப் பக்கம் ஒரு நாயை நான் அப்படித் தீர்மானித்தேன். வாய் பிளந்து தொங்கியது. எச்சில் நூலாக வழிந்தது. முன்னங்காலால் முகத்தைப் பிறாண்டிக்கொண்டே வந்து, தடவிக் கொடுக்கப்போனவரின் கையைக் கடித்தது. புத்தகத்தில் எழுதியபடியே இருந்தது. விதிப்படி சுடுவித்தேன், விதிப்படி தலையை அனுப்பினேன். ஆய்வுகூடத்துக்காரர்கள் சுறுசுறுப்பானவர்கள். ஒரு கிழமையில், ஏழே நாளில், பதில் வந்தது: நோய் இல்லை. கூடவே ஒரு சிறு உறை. "மேல்வாயின் குறுக்கே சிக்கியிருந்த ஆட்டெலும்பு இத்துடன் திருப்பி அனுப்பப்படுகிறது" என்று மேலே எழுதியிருந்தது. அந்த நாய் தன் வாயைக் காட்ட வந்திருக்கிறது. நான் ஆள் வைத்துச் சுட்டிருக்கிறேன். நடைமுறையில் எந்தப் பிழையும் இல்லாதபடியால் என்னை ஒருவரும் விளக்கம் கேட்கவில்லை.

அதன்பிறகு விசர் கண்ட விலங்குகளை நின்று நிதானமாகப் பார்க்கப் பழகினேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். நாய் திக்கில்லாமல் ஓடும். பூனை இருட்டுக்குள் ஒளிந்திருந்து பாயும். நரி மனிதரைக் கண்டு பயப்படுவதை மறந்து, பட்டப்பகலில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் வந்து நிற்கும். மாடு கத்தும், தொண்டை கிழிந்து குரல் தேயும் வரை கத்தும். எல்லாவற்றுக்கும் பொதுவாக நான் கண்டது ஒன்றுதான். அதுவரை தெரிந்தவற்றை அவை தெரியாதவையாகப் பார்க்கும். வளர்த்தவனின் கையும் வேலிக்கட்டையும் அவற்றுக்கு ஒன்றுதான். இதை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. படித்திருந்தாலும் அடுத்துச் சொல்லப்போகிற நாளில் அதை நம்பியிருக்கும் துணிச்சல் எனக்கு வந்திருக்குமோ தெரியாது.

ஐம்பத்தைந்தாம் ஆண்டு செப்டம்பர். நமுனுகுலப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு மாதத்துக்கு முன்னர் வெறிநாய் ஒன்று லயங்களுக்கு ஊடாக ஓடியிருந்தது. அடித்துக் கொன்று தலையை அனுப்பினார்கள், நோய் உறுதியானது. தோட்டம் முழுவதும் பயத்தில் இருந்தது. அந்த நிலையில் ஒரு வியாழக்கிழமை காலை, தோட்டத்தை நடத்தும் தொரை பதுளைக் கந்தோருக்குத் தொலைபேசியில் பேசினார். லயத்துப் பசு ஒன்றுக்கு விசர் பிடித்துவிட்டது, சுடத் துவக்கோடு ஆள் தயாராக நிற்கிறான், அரசாங்கத்தின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி என்றார்.

பசறை வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினேன். இறங்கும்போது பனிமூட்டம். தேயிலை மலையே தெரியவில்லை. பசு கத்துவது மட்டும் கேட்டது. குரல் ஏற்கனவே உடைந்திருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே மேலே நடந்தபோது, என் மனதுக்குள் படிவத்தைப் பாதி நிரப்பிவிட்டேன் என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

லயத்தின் பின்னால் ஒரு தொழுவம். அதை ஒட்டி மூங்கில் அடைத்த சின்ன மரக்கறித் தோட்டம். அதற்குள்தான் பசு நின்றது. செவலை நிறம், இரண்டாம் ஈற்று. கயிற்றை அறுத்திருந்தது. நட்டிருந்த முட்டைக்கோவா முழுவதும் மிதிபட்டுக் கிடந்தது. வாயிலிருந்து நுரையும் எச்சிலும் தொங்கின. இரண்டு நாளாகப் புல் தொடவில்லை, தண்ணீர் வாளியை முட்டித் தள்ளுகிறது என்றார்கள். யார் வேலியருகே போனாலும் தலையைத் தாழ்த்திக்கொண்டு பாய்ந்தது.

வேலிக்கு இந்தப் பக்கம் மூவர் நின்றார்கள். துவக்கு வைத்திருந்தவர் முத்துசாமி, தோட்டத்து வாச்சர். குடை பிடித்திருந்தவர் தோட்டத்து மருந்துச்சாலை டிஸ்பென்சர். என்னைப் போலவே யாழ்ப்பாணத்திலிருந்து மலைக்கு வந்தவர், என்னைவிட மூத்தவர், எதையும் நம்பாதவர். மூன்றாவது ஆள் காளியம்மா. பசு அவளுடையது. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தாள். நான் வந்தது எதற்கு என்று அவளுக்குத் தெரியும்.

"அறிகுறி எல்லாம் சரியாய்த்தான் கிடக்கு," என்றார் டிஸ்பென்சர். "கெதியாய் எழுதித் தாரும். நான் இதுகளுக்கு ஊசிக்கு ஒழுங்கு செய்ய வேணும்."

தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று நினைத்துக் காளியம்மாவும் அவள் புருஷனும் முதல்நாள் பசுவின் வாய்க்குள் கை விட்டுப் பார்த்திருந்தார்கள். அது விசர் என்றால் இருவருக்கும் வயிற்றில் பதினான்கு ஊசி. போடாவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் மேலே சொல்லிவிட்டேன்.

நான் பையைத் திறந்து படிவத்தை எடுத்தேன். அப்போது முத்துசாமி துவக்கை வேலியில் சாய்த்து வைத்துவிட்டு, கேட்காமலே பேசினார்.

"வெறி புடிச்சது ஆளு பாக்காதுங்க ஐயா. இது பாக்குது."

என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

"விடியக்காலம் இந்தக் காளியம்மா உள்ள போனா. கிட்ட வந்து மோந்து பாத்துட்டு சும்மா நின்னுச்சு. பத்து மணிக்கு இதே காளியம்மா போனா. குத்த வந்துருச்சுங்க. வேலியத் தாண்டிக் குதிச்சா. அதான் யோசிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

"அதைத்தானே காணும் விசர் எண்டுறது," என்றார் டிஸ்பென்சர். "ஒரு நேரம் ஒரு குணம்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் தெமோதரையிலிருந்து வந்த அந்தச் சிறு உறையை நான் மறந்திருக்கவில்லை. காளியம்மாவிடம் கேட்டேன்: விடியக்காலம் போனதற்கும் பத்து மணிக்குப் போனதற்கும் என்ன வித்தியாசம்? அவள் யோசித்துப் பார்த்தாள். ஒரு வித்தியாசமும் இல்லை என்றாள். பிறகு, காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகிற அவசரத்தில் கம்பளியோடு போனதாகவும், பத்து மணிக்குத் திரும்பி வந்து நனைந்த கம்பளியை அடுப்படியில் போட்டுவிட்டுப் போனதாகவும் சொன்னாள். மலைப்பக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கொழுந்தெடுக்கும் பெண்கள் மழைக்கும் குளிருக்கும் தலையிலிருந்து முதுகு வரை ஒரு கம்பளியைப் போட்டுக்கொள்வார்கள்.

"அந்தக் கம்பளியில் என்ன இருக்கிறது?"

"ஒண்ணும் இல்லீங்க. கண்ணுக்குட்டி பொறந்தன்னிக்கு மழ. அதுலதான் சுத்தி வச்சிருந்தேன். கழிச்சல் வந்து செத்துச்சு பாருங்க, அன்னிக்கும் அதுலதான் கெடந்துச்சு."

கம்பளியைக் கொண்டுவரச் சொன்னேன். அதைத் தலையில் போட்டுக்கொண்டு நானே வேலியருகே போனேன். வீரம் என்று எண்ண வேண்டாம். வேறு யாரையாவது அனுப்பியிருந்தால், அவருக்கு ஏதாவது ஆனபின் எழுத வேண்டிய அறிக்கை மிக நீளமானது. பசு தலையைத் தாழ்த்திக்கொண்டு பாய்ந்து வந்தது. மூங்கிலுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. மூக்கை நீட்டியது. என் தோளில் கிடந்த கம்பளியை மூச்சிழுத்து மோந்தது. பிறகு வாயைத் திறக்காமல், அடித்தொண்டையிலிருந்து மெதுவாக ஒரு சத்தம். கன்றோடு நிற்கும் பசுவை வளர்த்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். அது கன்றுக்கு மட்டுமே சொல்கிற சத்தம். ஒரு மிருக வைத்தியரிடம் எந்தப் பசுவும் அப்படிப் பேசியதாக நான் அறியேன்.

"இதுக்கு முதல் எப்படிப் பால் கறந்தீர்கள்?" என்று கேட்டேன். கன்று செத்து மூன்று கிழமை.

காளியம்மா தொழுவத்துக்குள் கூட்டிப்போய்க் காட்டினாள். நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிற பொருள்தான். செத்த கன்றின் தோலை உரித்து, உப்புப் போட்டு, உள்ளே வைக்கோல் திணித்து, நான்கு குச்சிகளைக் கால்களாகக் கட்டிய கன்று. அதை முன்னால் வைத்தால் பசு நக்கிக்கொண்டே பால் விடும். பட்டணத்திலிருந்து வருகிறவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள்: கண்ணில்லாத பொம்மையைக் கன்று என்று நம்புகிறதே என்று. பசு கண்ணால் நம்பவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

இங்கே கொஞ்சம் நின்று ஒன்றைச் சொல்ல வேண்டும். எந்த விலங்கு தன் குட்டியை எதைக் கொண்டு அறிகிறது என்பதில் நாங்கள் பெரும்பாலும் எங்கள் கண்ணையே அதற்குக் கடன் கொடுத்துவிடுகிறோம். பதுளையில் எங்கள் வீட்டுக் கோழியின் குஞ்சு ஒன்று ஊறுகாய்க் கண்ணாடிச் சாடிக்குள் விழுந்து கத்திக்கொண்டிருந்தது. சாடியின் மூடி எப்படியோ சாய்ந்து மூடிக்கொண்டுவிட்டது. தாய்க்கோழி பக்கத்திலேயே நின்று, குஞ்சு துடிப்பதைக் கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொண்டு, சாவகாசமாகக் குப்பையைக் கிளறியது. என் மனைவி மூடியை எடுத்தாள். சத்தம் வெளியே வந்ததுதான் தாமதம், கோழி அவள் கையைக் கொத்திக் கிழித்துவிட்டது. கோழிக்குக் குஞ்சு என்பது ஒரு குரல். ஆட்டுக்கு அது முதல் ஒரு மணி நேரத்தில் நக்கித் தெரிந்துகொண்ட மணம். அதற்குள் மாற்றிவிட்டால் அடுத்த ஆட்டின் குட்டியையும் ஏற்கும், பிந்தினால் தன் குட்டியையே உதைக்கும். நாய் இதிலெல்லாம் தாராளம், பூனைக்குட்டிக்கும் பால் கொடுக்கும். இந்த வரிசையில் பசு ஆட்டுக்குப் பக்கத்தில் நிற்பது. அதன் கன்று அதன் மூக்கில் இருக்கிறது.

நான் தோல்கன்றைக் குனிந்து மோந்தேன். மூக்கு எரிந்தது. பினாயில். தோல் முழுவதும் ஊறிப்போயிருந்தது. இன்னும் ஈரம் காயவில்லை.

பசுவின் வாயில் ஏன் நுரை, ஏன் புல் இறங்கவில்லை, ஏன் வாளியைத் தள்ளியது என்பதெல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. கன்றை நக்கப் போயிருக்கிறது. கன்று அங்கே இல்லை, கன்றின் உருவத்தில் நெருப்பு இருந்தது. நாக்கு வெந்துவிட்டது. பிறகு கன்றைத் தேடத் தொடங்கியிருக்கிறது. தேடுகிற தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் வருகிற எவரும் அதற்குக் கள்வர்தான்.

எனக்குக் கோபம் வந்தது. தோல்கன்றுக்கு யாராவது பினாயில் ஊற்றுவார்களா, எந்த மடையன் இதைச் செய்யச் சொன்னான் என்று கேட்டேன். காளியம்மா டிஸ்பென்சரைப் பார்த்தாள். டிஸ்பென்சர் குடையைச் சுருக்கினார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல நிறுத்தி வாசித்தார்.

"கோமாரி நோய்த் தடுப்பு. தோட்டங்களிலுள்ள சகல மாட்டுத் தொழுவங்களும், அவற்றிலுள்ள கயிறுகள், மரப்பொருட்கள், தோற்பொருட்கள் உட்பட, பினாயில் கொண்டு நன்கு கழுவப்பட வேண்டும்." தாளை என் பக்கம் திருப்பினார். "கையெழுத்து ஆருடையதெண்டு பாரும்."

என்னுடையதுதான். இரண்டு கிழமைக்கு முன் நானே எழுதி, நானே தட்டச்சுப் பிழை திருத்தி, மாகாணம் முழுவதும் அனுப்பிய சுற்றுநிருபம். "தோற்பொருட்கள்" முதல் பிரதியில் இருக்கவில்லை. வார்ப்பட்டைகளும் கழுத்துப் பட்டிகளும் விடுபட்டுவிடுமே என்று, பூரணத்துக்காகக் கடைசியில் சேர்த்தேன். சேர்த்துவிட்டு அன்று மாலை கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நமுனுகுல மலையில் ஒரு தோலுக்குள் இன்னும் ஒரு கன்று இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

"அப்ப சரி," என்றேன். "விசர் இல்லை. பினாயில்தான்."

"பினாயில் நக்கின மாட்டை விசர்நாய் கடிக்காதெண்டு எந்தப் புத்தகத்தில இருக்கு?" என்றார் டிஸ்பென்சர்.

இன்றுவரை என்னிடம் கேட்கப்பட்ட மிகச் சரியான கேள்வி அது. ஒரு மாதத்துக்கு முன் வெறிநாய் இந்த வழியாக ஓடியது உண்மை. பசு பினாயிலும் நக்கியிருக்கலாம், கடியும் பட்டிருக்கலாம். என்னிடம் இருந்த சாட்சி ஒரு கம்பளி. மற்றப் பக்கத்தில் இரண்டு மனித உயிர். அத்தோடு, பிழை என்னுடையது என்று தெரிந்த கணத்திலிருந்து, பசுவைக் காப்பாற்ற வேண்டும் என்ற என் ஆசையையும் நான் சந்தேகிக்க வேண்டியிருந்தது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். தன் தவறைத் திருத்துகிற அவசரத்தில் இருக்கிறவனின் தீர்ப்பு, தவறை மறைக்கிறவனின் தீர்ப்பைப் போலவே கோணலாகும்.

நான் தயங்குவதைப் பார்த்துக் காளியம்மா முதல்முறையாக நேரே என்னிடம் பேசினாள்.

"லயம் தோட்டத்துது. இந்தக் கோவாப் பாத்தி தோட்டத்துது. எங்களுக்கு ஊரு எதுன்னுகூட இப்ப கேக்குறாங்க. எம்பேர்ல இருக்கறது இது ஒண்ணுதாங்க ஐயா, எங்கப்பா ஓட்டிவிட்டது. ஊசிய நாங்க ரெண்டு பேரும் போட்டுக்கறோம். பதினாலுன்னா பதினாலு. மாட்ட விட்டுருங்க."

அவள் சொன்னதுதான் வழி என்று பட்டது. இருவருக்கும் அன்றே ஊசி தொடங்குவது. பசுவைப் பத்து நாள் அந்த வேலிக்குள் வைத்துப் பார்ப்பது. விசர் கண்ட மாடு பத்து நாள் தாங்காது. அது உயிரோடு இருந்தால் ஊசியை நிறுத்தலாம். பசு விஷயத்தில் என் எண்ணத்தை நம்பினேன். மனிதர் விஷயத்தில் நம்பவில்லை. இரண்டையும் ஒரே முடிவுக்குள் வைத்திருப்பது எப்படி என்பதை அந்தப் பெண்தான் எனக்குச் சொல்லித் தந்தாள்.

தொரை பங்களாவில் என்னை உட்காரச் சொல்லவில்லை. ஒரு கையெழுத்துக்கு ஐந்து நிமிடம் போதும் என்று தான் நினைத்ததாகச் சொன்னார். யாருக்காவது ஏதாவது நடந்தால் முழுப் பொறுப்பும் என்னுடையது என்று எழுதித் தரச் சொன்னார், எழுதிக் கொடுத்தேன். பதுளைக்குத் திரும்பியதும் தலைமைக் கந்தோருக்கு, அவதானிப்புக்கான முன்அனுமதி கேட்டுக் கடிதம் எழுதினேன். விலங்கை அடையாளம் காட்டி, காரணங்களை எண்ணிட்டு, மூன்று பிரதிகள். முன்அனுமதியைப் பிறகு கேட்பது முறையல்ல என்பது எனக்குத் தெரியும். அந்தக் கடிதத்தில் ஒரு வினைச்சொல்கூட இறந்தகாலத்தில் இருக்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் டிஸ்பென்சர் தொலைபேசியில் பேசினார்.

"ஐசே, படுத்திட்டுது."

விசர் கண்ட மாட்டுக்குப் பின்னங்கால்தான் முதலில் விழும். பிறகு படுக்கும். படுத்தால் எழும்பாது. பஸ்ஸில் அந்த வளைவுகளில் ஏறும்போது, காளியம்மாவின் வயிற்றில் அதுவரை மூன்று ஊசிகள்தான் ஏறியிருக்கின்றன என்று கணக்குப் போட்டுக்கொண்டே போனேன். எனக்கு வேலை போவதைப்பற்றி நினைத்ததாக ஞாபகமில்லை. ஆஸ்பத்திரியில் கண்ட அந்தத் தண்ணீர்க் குவளை மட்டும் கண்முன் வந்துகொண்டிருந்தது.

முத்துசாமி துவக்கில் தோட்டாவைப் போட்டு வைத்திருந்தார். பசு சேற்றில் கிடந்தது. கண் பாதி மூடியிருந்தது. ஆனால் முன்னங்கால்களை ஒழுங்காக மடித்துப் படுத்திருந்தது. தலை தொழுவத்தின் பக்கம் திரும்பியிருந்தது. நீளமான மூங்கில் நுனியில் ஓர் ஊசியைக் கட்டி, வேலிக்கு வெளியே நின்றபடி வாலின் அடியில் குத்தினேன். விசர் என்றால் அந்த இடம் முதலில் மரத்துப்போகும். வால் சுழன்று மூங்கிலை அடித்தது.

"பசியிலதான் கெடக்குது," என்றார் முத்துசாமி, தனக்குத்தானே.

தோல்கன்று இனி உதவாது. காளியம்மாவின் கம்பளியைக் கேட்டேன். நான் வைக்கோல் கேட்பதற்கு முன்பே அவள் அதையும் கொண்டுவந்து, கம்பளியில் வைத்துச் சுருட்டி, கொழுந்துக் கூடைக் கயிற்றால் இரண்டு இடத்தில் கட்டினாள். காலுமில்லை, தலையுமில்லை, மூட்டை. வேலிக்கு மேலால் அதைப் பசுவின் முகத்தருகே இறக்கினோம்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மூக்கு அசைந்தது. பசு பின்பக்கத்தைத் தூக்கியது, விழுந்தது, மறுபடி தூக்கியது. நின்றது. மூட்டையை மோந்தது. புண்பட்ட நாக்கை வெளியே நீட்டி, ஒருமுறை, மிக மெதுவாக நக்கியது. அந்த அடித்தொண்டைச் சத்தம் வந்தது. கறக்காமல் கட்டியிருந்த மடியிலிருந்து பால் தானாகச் சேற்றில் சொட்டத் தொடங்கியது.

காளியம்மா முகத்தை லயத்துப் பக்கம் திருப்பிக்கொண்டாள். முத்துசாமி தோட்டாவைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். டிஸ்பென்சர் மட்டும், "இன்னும் ஏழு நாள் கிடக்கு," என்றார். ஆனால் அன்று மாலை பசுவின் நாக்குக்குத் தடவத் தேனும் கிளிசரினும் கலந்து அவரே கொண்டுவந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அந்த ஏழு நாளும் ஊசி தொடர்ந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் நான் மேலே போனேன். புருஷனும் பெண்சாதியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்து லயமே கேலி செய்வதாகக் காளியம்மா சொன்னாள். "எனக்குப் பரவால்லீங்க. அவருகிட்ட, எத்தன மாசம்னு கேக்குறாளுக." பத்தாம் நாள் பசு முதல் ஆளாக வேலியருகே வந்து நின்று, என் கையிலிருந்த கோப்பைத் தின்னப் பார்த்தது. ஊசியை நிறுத்தினோம். சுற்றுநிருபத்தில் "தோற்பொருட்கள்" என்ற சொல்லை நீக்கித் திருத்தம் அனுப்பினேன். காரணம் கேட்டு ஒருவரும் எழுதவில்லை. காளியம்மா அந்தக் குளிர்காலம் முழுவதும் சாக்கைப் போட்டுக்கொண்டுதான் கொழுந்தெடுத்தாள்; கம்பளி கன்றாகவே இருந்தது.

தலைமைக் கந்தோரிலிருந்து பதில் இல்லை. நினைவூட்டல்கள் எழுதினேன். நாட்டில் அப்போது இதைவிடப் பெரிய விஷயங்கள் நடந்துகொண்டிருந்தன. கோப்புகளின் மொழியே சிங்களத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. ஒரு வருஷம் கழித்து, எங்கள் எழுதுவினைஞர் லீவில் நின்ற ஒருநாள், தபாலை நானே உடைத்தேன். பதில் இருந்தது. மூன்று வரி. அவதானிப்புக்கு அனுமதி இல்லை. விதியிலிருந்து விலகப் போதிய காரணம் காட்டப்படவில்லை. இக்கடிதம் கிடைக்கும் தினத்தன்றே குறித்த விலங்கைக் கொல்வித்து அறிக்கையிடவும்.

அடுத்த பஸ்ஸில் மேலே போனேன். ஏன் போனேன் என்று இன்றும் சரியாகச் சொல்ல முடியாது. அதற்கென்று ஒரு நடைமுறை இல்லை.

செவலை முதல்நாள்தான் கன்று போட்டிருந்தது. கிடாரிக் கன்று. அதைப் பார்க்கத்தான் வந்திருக்கிறேன் என்று காளியம்மா நினைத்துவிட்டாள். என்னை உட்காரவைத்து, கருப்பட்டி போட்டுக் காய்ச்சிய சீம்பாலைப் பித்தளைக் கிண்ணத்தில் கொண்டுவந்து தந்தாள். கடிதம் என் கோட்டுப் பையில் இருந்தது. பசு தொழுவத்தில் நின்று கன்றை நக்கும் சத்தம் கேட்டது.

"ஐயா, அந்த மாட்டு விஷயமா கொழும்புலேருந்து கடுதாசி ஏதும் வந்துச்சுங்களா?" என்று கேட்டாள். ஒரு வருஷமாக ஒவ்வொரு முறையும் கேட்பாள்.

"இன்னும் வரவில்லை," என்றேன்.

எங்கள் கந்தோரின் நடைமுறை இது: ஒரு கடிதம் உள்வரவுப் பதிவேட்டில் திகதி முத்திரை குத்தப்படும்போதுதான் கிடைத்ததாகக் கொள்ளப்படும். விதி அப்படித்தான் சொல்கிறது. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். அந்தக் கடிதத்தை முத்திரை குத்தாமல் என் மேசையின் அடி இழுப்பறையில் வைத்தேன். இதை உங்களுக்கு முன்மாதிரியாகச் சொல்லவில்லை. அகப்பட்டிருந்தால் ஓய்வூதியமில்லாமல் ஊருக்குப் போயிருப்பேன். அதன்பிறகு இரண்டு முறை இடமாற்றம் வந்தது. அந்த இழுப்பறையை இன்னொருவரிடம் ஒப்படைக்க மனமில்லாமல், மலைக்காற்று உடம்புக்கு ஒத்துக்கொள்கிறது என்று எழுதித் தள்ளிப்போட்டேன். அந்த வருஷங்கள்தான் என் உத்தியோகத்தில் நல்ல வருஷங்கள். எப்போதாவது நமுனுகுலப் பக்கம் போனால் லயத்தின் பின்னால் எட்டிப் பார்ப்பேன். செவலை புல் தின்றுகொண்டிருக்கும். மூன்று கன்றுகள் போட்டது. கொழும்பின் கட்டளைப்படி அது என்றைக்கோ செத்துப்போயிருக்க வேண்டும்.

அறுபத்திரண்டாம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒருநாள், முத்துசாமி பதுளைக் கந்தோருக்கு வந்தார். காளியம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். செவலை கிழப்பசுவாகி, நான்கு நாள் படுத்திருந்து, முதல்நாள் மாலை தானாகவே கண் மூடிவிட்டது. கிடாரி பக்கத்திலேயே நின்றதாம். கேட்டுவிட்டு அவருக்குத் தேநீர் வருவித்துக் கொடுத்தேன். அவர் போனபின் அடி இழுப்பறையைத் திறந்தேன். கடிதத்தின் ஓரம் மஞ்சளாகியிருந்தது. "குறித்த விலங்கு உயிருடன் இல்லை" என்று கீழே எழுதினேன். பிறகு முத்திரையை மையில் ஒற்றி, நேராகக் குத்தினேன்.

பதிவேட்டின்படி, தலைமைக் கந்தோரின் பதில் பதுளைக்கு வந்து சேர்ந்த திகதி 1962 மார்ச் 9.